ஷெர்லியின் இருபத்தேழு கவலைகள்

"அப்போ கல்லு எந்தப் பக்கமுங்க? ஒரு எடத்துல வலதுன்னு இருக்குது, இன்னொரு எடத்துல இடதுன்னு இருக்குது."

"ரெண்டு பக்கமும்தான்."

"ரெண்டு கிட்னியிலயுமா?"

"ஆமா தம்பி. வலதுல பெருசு, இடதுல சின்னது."

"அய்யோ பாவமே! அதோடயா இப்பிடி நின்னுட்டுப் பேசறீங்க? மொதல்ல உக்காருங்கக்கா."

ஷெர்லி உட்கார்ந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் ஒருமுறைகூடத் தன் சிறுநீரகத்தைப் பற்றி நினைத்துப் பார்த்தவள் இல்லை அவள். ஆனாலும் உட்காரும்போது இடுப்பில் கையை வைத்து, ஒரு சின்ன முனகலையும் சேர்த்துக்கொண்டாள். அது அவ்வளவு இயல்பாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

எதிரே, போர்ட்டிகோவின் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவன் பெயர் உமேஷ். முப்பது வயதைத் தாண்டியவன். கழுத்தில் வேட்பாளரின் படம் போட்ட அட்டை, மடியில் ஒரு டேப்லெட். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோபிநத்தத்தில் பிறந்தவன் என்று வந்ததுமே சொல்லியிருந்தான். அவன் சொல்லாவிட்டாலும் பேச்சு சொல்லியிருக்கும். மைசூரில் யாரும் இத்தனை 'ங்க' போடுவதில்லை.

வேட்பாளர் பசவராஜ் அரைமணி நேரத்தில் இந்தத் தெருவுக்கு வருகிறார். கும்பிட்டுக்கொண்டே நடப்பார். ஒரே ஒரு வீட்டுக்குள்தான் நுழைவார். அது ஷெர்லியின் வீடு. ஏனென்றால், தொகுதியிலேயே அதிகமாகக் கஷ்டப்படுகிற பெண் ஷெர்லிதான் என்று அவர்களுடைய ஏ.ஐ. கண்டுபிடித்திருந்தது.

"நூத்துக்குத் தொண்ணூத்தேழுங்க" என்றான் உமேஷ், ரேங்க் வாங்கிய பிள்ளையின் தாயிடம் சொல்வதுபோல. "ரெண்டாவதா வந்தவங்களே எழுபத்தொண்ணுதான். அண்ணன் வர்றதுக்குள்ள இந்த லிஸ்டை ஒருவாட்டி சரிபார்த்துக்கறேன். வீடியோ எடுக்கறப்போ தப்பாயிடக் கூடாது பாருங்க."

ஷெர்லி தலையாட்டிவிட்டு இடதுபக்கம் பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்புயரச் சுவர். அந்தப் பக்கம் விக்டோரியா ஒரு அளவு டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனை லாய்டின் அம்மாவிடம். வரும் ஞாயிறு விக்டோரியாவின் மகள் நிம்மிக்கும் லாய்டுக்கும் நிச்சயதார்த்தம். வாசலில் ஷாமியானா போட்டால் எத்தனை நாற்காலி கொள்ளும் என்று மாப்பிள்ளை வீட்டு அம்மாவே நேரில் வந்து அளந்துகொண்டிருந்தார். டேப் இரண்டு பேர் கையிலும் இருந்தது. காதுகள் நான்கும் இந்தப் பக்கம் இருந்தன.

லிஸ்டில் மொத்தம் இருபத்தேழு. உமேஷ் பதினொன்றில் இருந்தான். ஷெர்லி பயந்தது பத்தொன்பதுக்கு.

*

அந்த இருபத்தேழில் ஒன்றுகூட ஷெர்லியுடையது இல்லை.

அவர்கள் கோவிலில் புதன்கிழமைதோறும் சகாய மாதா நவநாள். சாமியார் விண்ணப்பங்களைத் தமிழில் வாசிப்பார். எழுதுகிறவர்கள் பெயர் போடுவதில்லை. 'என் மகனுக்கு வேலை கிடைக்க', 'என் கணவரின் மனம் மாற' என்றுதான் எழுதுவார்கள். யார் எழுதியது என்று மாதாவுக்குத் தெரியும். கூட்டத்துக்குத் தெரிய வேண்டாம். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லாத ஏற்பாடு அது.

ஒரே ஒரு தொந்தரவு. இந்தத் தெருவில் தமிழ் நாக்கில் இருந்தது, கையில் இல்லை. எல்லோரும் கன்னடப் பள்ளியிலோ இங்கிலீஷ் பள்ளியிலோ படித்தவர்கள். சண்டை போடவும் தாலாட்டவும் அழவும் தமிழ் வரும். எழுத உட்கார்ந்தால் 'ழ' எந்தப் பக்கம் சுழிக்கும் என்று திகைப்பார்கள். ஷெர்லிக்கு எழுத வரும். அதுதான் அவள் வேலையும்கூட. அக்ரஹாரத்தில் சௌம்யாவின் ஜெராக்ஸ் கடையில் இருபது வருடமாக டைப் அடிக்கிறாள். கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், கோர்ட்டு அஃபிடவிட். 'நான் மேற்படி விலாசத்தில் வசிக்கும்' என்று காலையில் ஒரு ரிட்டயர்ட் போஸ்ட்மாஸ்டராக இருப்பாள். மத்தியானம் அதே விரல்களால் விவாகரத்து கேட்கும் ஒரு இளம்பெண்ணாக இருப்பாள். சாயங்காலம் பஸ் ஏறும்போது மறுபடி ஷெர்லியாகிவிடுவாள். அந்த மாற்றம் அவளுக்குப் பிடிக்கும். ஒரே ஆயுளில் எத்தனை பேராக இருந்துவிட முடிகிறது!

ஆகவே தெருவின் கவலைகள் எல்லாம் ஷெர்லியின் சமையல்கட்டுக்கு வந்தன. காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள், கையைத் துடைத்துக்கொண்டு எழுதுவாள், யாரிடமும் சொல்லமாட்டாள். கணவர் கிங்ஸ்லியிடம்கூட.

போன தவக்காலத்தில் கோவில் வாசலில் ஒரு போஸ்டர் வந்தது. 'வேண்டுதல் பெட்டி' என்று ஒரு ஆப். ஏதோ ஒரு சேவா டிரஸ்ட் இலவசமாகக் கொடுக்கிறதாம். போனிலேயே எழுதி அனுப்பலாம், புதன் காலை சாமியாருக்கு அழகாக அச்சாகி வந்துவிடும். மழையில் நனைந்த சீட்டுகளை ஒவ்வொரு வாரமும் பிரித்துக் காயவைத்த சாமியார் மகிழ்ந்து சம்மதித்தார். ஷெர்லியும் மகிழ்ந்தாள். கையெழுத்து மிச்சம்.

இருபத்தேழு பேருடைய 'நான்' ஒரே போனிலிருந்து, ஒரே வீட்டிலிருந்து போனது. அதைப் படித்த இயந்திரத்துக்கு இந்தத் தெருவின் வழக்கம் எப்படித் தெரியும்? எல்லா 'நானை'யும் சேர்த்துப் பிசைந்து ஒரே பெண்ணைச் செய்துவிட்டது. அந்தப் பெண்ணை ஷெர்லி இன்று காலைதான் முதல்முறையாகச் சந்திக்கிறாள். டேப்லெட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் அந்த இன்னொரு ஷெர்லி. இரண்டு சிறுநீரகத்திலும் கல். தம்பியோடு சொத்து வழக்கு. வரன் அமையாத மூத்த மகள். நர்சிங்கில் மூன்று அரியர் வைத்திருக்கும் இளைய மகள். கனடா விசாவுக்குக் காத்திருக்கும் மகன். மாமியாரின் முழங்கால். எப்படித்தான் காலையில் எழுந்து காபி போடுகிறாளோ! கேட்கக் கேட்க, அவளை ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிட்டு நல்ல சாப்பாடு போட வேண்டும்போல் இருந்தது ஷெர்லிக்கு.

உமேஷ் முதல் கேள்வி கேட்டபோதே 'அது நான் இல்லை தம்பி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவன் முந்திக்கொண்டான். "உங்களுது இல்லாட்டி சொல்லிப்போடுங்கக்கா. இந்தத் தெருவுல யாருதுன்னு வீடு வீடாக் கேட்டு மாத்திக்கறேன். சிஸ்டம் அப்பிடித்தான் கேக்குது."

வீடு வீடாக! பசவராஜின் ஆள் ஒவ்வொரு கதவையும் தட்டி, 'கோர்ட்டு கேஸ் உங்களுதுங்களா? கிட்னியில கல்லு யாருக்குங்க?' என்று கேட்டுக்கொண்டே போவதை ஷெர்லி மனக்கண்ணில் பார்த்தாள். பிறகு சுவருக்கு அப்பால் விக்டோரியாவைப் பார்த்தாள்.

"என்னோடதுதான்" என்றாள்.

*

பத்தொன்பதாவது விண்ணப்பம் விக்டோரியாவுடையது.

அவள் கணவன் மைக்கேல் கம்பெனி டிரெய்னிங்குக்காகக் கொச்சி போயிருப்பதாகத்தான் தெரு முழுக்கத் தெரியும். உண்மையில் அவன் நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு குடி மறுவாழ்வு மையத்தில் இருந்தான். இருபத்தொரு நாள் சிகிச்சை. அவனாகவே போய்ச் சேர்ந்தது. மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு, "இனிமே முடியாது விக்கி, என்னைக் கொண்டுபோய் விடு" என்றானாம்.

"மறைக்கிறது தப்புதான் அக்கா" என்று விக்டோரியா ஷெர்லியின் சமையல்கட்டில் அழுதிருந்தாள். "வந்ததும் அவரையே சம்பந்தியம்மாகிட்ட சொல்ல வைக்கிறேன். அவர் வாயால சொன்னா ஒரு மரியாதை இருக்கு. நான் சொன்னா புகார் சொல்ற மாதிரி ஆயிடும். வேற யாராவது சொன்னா நிம்மி வாழ்க்கையே போச்சு."

அந்த 'வேற யாராவது' ஒரு டேப்லெட்டாக வந்து தன் போர்ட்டிகோவில் உட்காரும் என்று ஷெர்லி நினைக்கவில்லை. ஆனால் கொஞ்சம் நினைத்திருக்க வேண்டும் என்றும் இப்போது தோன்றியது. திங்கள்கிழமை கடையில் சௌம்யா தன் போனைக் காட்டினாள். அக்ரஹாரத்துக் கோயில்களில் எல்லாம் ஒரு புதிய ஆப்பாம். சங்கல்பம் சொன்னால் அர்ச்சனை செய்து தருவார்களாம். காவி நிறத்தில் ஒரு மணி படம். ஷெர்லியின் போனில் நீல நிறத்தில் மாதா படம். நிறத்தையும் படத்தையும் எடுத்துவிட்டால் கட்டங்கள் எல்லாம் ஒன்றேதான். அடியில் பொடி எழுத்தில் அதே டிரஸ்ட்டின் பெயர். எழுத்துரு முதற்கொண்டு ஒன்று. டைப் அடிக்கிறவள் கண்ணுக்கு அது தப்பாது.

அன்று சாயங்காலமே கடைவாசலில் பசவராஜ் பேசினார். மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டு நேராக வருவதாகச் சொன்னார். வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி. "வீட்டுக்குள்ள ஜெபக்கூட்டம் நடத்தி நம்ம ஜனங்களை இழுக்கறவங்க யார் யாருன்னு என்கிட்ட லிஸ்டே இருக்கு" என்று கன்னடத்தில் முழங்கினார். கை தட்டினார்கள். சௌம்யா ஷெர்லியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினாள். "இவனுக்கு வேற வேலை இல்லை, நீ காபி குடி" என்றாள்.

லிஸ்ட் எங்கிருந்து வந்தது என்று அன்று புரியவில்லை. இன்று புரிந்தது. ஜெராக்ஸ் கவுண்டரில் இருபது வருடம் நின்றவளுக்கு எதையும் தலைகீழாகப் படிக்க வரும். உமேஷின் மடியில் இருந்த திரையில், அவள் வீட்டு எண்ணுக்குக் கீழே கன்னடத்தில் இரண்டு வரி தெரிந்தது. 'மனம் உடைந்த நிலை. உதவி செய்பவருக்கு வாக்களிக்கும் வாய்ப்பு 91%.' அடுத்து, 'ஒரே வீட்டிலிருந்து அதிக விண்ணப்பங்கள். ஜெபக்கூட்டம் நடத்தும் வாய்ப்பு: மிக அதிகம்.'

*

"பதினாலுங்க" என்றான் உமேஷ். "பையனுக்கு முடி கொட்டுது. நிச்சயதார்த்தம் வரைக்குமாச்சும் நிக்கணும்னு கேட்டிருக்கீங்க."

சுவருக்கு அப்பால் டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. லாய்டின் அம்மா தன் முனையை விட்டுவிட்டார்.

ஷெர்லி திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமா தம்பி. வயசு இருபத்தெட்டுதான். சீப்பைப் பார்க்கவே எனக்குப் பயமா இருக்கு."

"கவலையே படாதீங்க. அண்ணனுக்குத் தெரிஞ்ச கிளினிக் ஒண்ணு சரஸ்வதிபுரத்துல இருக்குதுங்க, கூப்பன் தர்றோம். பையன் பேரு என்னங்க? ஓட்டர் லிஸ்டுல காணோமே."

"வெளியூர்ல இருக்கான்."

"கனடா விசா வரலைன்னு இருக்குதே?"

"வரலை. அதான் வெளியூர்ல காத்திருக்கான்."

உமேஷ் நெற்றியைச் சொறிந்தான். லாய்டின் அம்மா சுவருக்கு மேலாக ஷெர்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷெர்லிக்கும் கிங்ஸ்லிக்கும் பிள்ளை இல்லை என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். இல்லாத மகனின் முடிக்காக ஷெர்லி கவலைப்படுவதை லாய்டின் அம்மா கேட்டார். அந்த முடி யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பத்து நாளைக்கு முன் அதை எழுதச் சொல்லி, "சிரிக்காதே ஷெர்லி, எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது" என்று கெஞ்சியவரே அவர்தான்.

பதினைந்து போனது. பதினாறு, மாமியாரின் முழங்கால். பதினேழு, பதினெட்டு.

"பத்தொம்பது..." உமேஷ் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். அவன் ஊரில் தாழ்த்தின குரலே நாலு வீட்டுக்குக் கேட்கும்போல. "இது கொஞ்சம் சங்கடமான விஷயமுங்க. வீட்டுக்காரரு குடியை விடறதுக்கு மையத்துல சேந்திருக்காருங்களா? இருபத்தொரு நாளுல இன்னைக்குப் பன்னெண்டாவது நாளுன்னு சிஸ்டம் கணக்குப் போட்டிருக்குது."

அந்தப் பக்கம் விக்டோரியாவின் கை சுவரைப் பிடித்துக்கொண்டது. ஷெர்லி அதைக் கடைக்கண்ணால் பார்த்தாள்.

"ஆமா தம்பி. சேர்ந்திருக்கார்" என்றாள்.

சரியாக அந்த நேரத்தில் உள்ளிருந்து கதவைத் திறந்துகொண்டு கிங்ஸ்லி வந்தார். கையில் பாட்டுப் புத்தகம், உதட்டில் நிச்சயதார்த்தப் பாட்டின் ரெண்டாம் சரணம். முப்பது வருடமாகக் கோவில் பாடகர் குழுவை நடத்துகிறவர். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் செய்யும் திராட்சை ஒயினைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிக் கொடுக்கிறவர்.

"இவரு யாருங்க?" என்றான் உமேஷ்.

ஷெர்லியின் வாயில் இருந்த பொய்கள் எல்லாம் தீர்ந்துபோயின. பதினெட்டு வரை வரிசையாக வந்தவை பத்தொன்பதில் கைவிட்டன.

"தம்பி, இது கிங்ஸ்லி சார், குடியே தெரியாதவர்" என்று தெருவில் யாராவது சொல்லியிருந்தால் குட்டு உடைந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. கிங்ஸ்லி மனைவியைப் பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார். சுவரில் சாய்ந்து நின்ற விக்டோரியாவைப் பார்த்தார். பாட்டின் நடுவில் யாருக்கு மூச்சு முட்டுகிறது என்று பார்த்தவுடனே தெரிந்துகொண்டு, தன் குரலை உயர்த்தி அந்த இடத்தை நிரப்பிவிடுவது முப்பது வருடமாக அவருடைய வேலை.

"உள்ளேருந்து கேட்டுட்டுதான் இருந்தேன்" என்றார். "நான்தான் தம்பி அந்தக் குடிகாரன்."

"மையத்துல இருக்கறதா..."

"நேத்து சாயங்காலம் வந்தேன்."

"பன்னெண்டு நாள்லயேவா?"

"நல்ல நடத்தைன்னு சீக்கிரம் விட்டாங்க."

"அது ஜெயில்லதானுங்க சார்."

கிங்ஸ்லி இருமினார். ஷெர்லி மாதாவை நினைத்துக்கொண்டாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாய்டின் அம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"ஹௌது, ஆமா தம்பி, நான் பார்த்தேனே! நேத்து ஆட்டோவில வந்து இறங்கினார். பாவம், எப்படி இளைச்சுட்டார் மனுஷர்!"

கிங்ஸ்லி அவசரமாக வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். போன ஞாயிறு பூசையில் அதே வயிற்றோடு நின்று அவர் பாடியபோது முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் லாய்டின் அம்மா. ஷெர்லி இப்போது திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் ஷெர்லியைப் பார்க்கவில்லை. விக்டோரியாவின் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக, "டேப்பைக் குடு, மறுபடி அளக்கலாம்" என்றார்.

*

பசவராஜ் வந்தார். விபூதியைத் துடைத்திருந்தார், துடைத்த இடம் மட்டும் மற்ற நெற்றியைவிட வெளுத்துத் தெரிந்தது. வலது கையில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, ஹாலில் மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு, கேமராக்காரர் சொன்னதும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி மறுபடி முழந்தாளிட்டார்.

"நானும் உங்க மனே பிள்ளைதான் அம்மா" என்றார் எழுந்ததும். மனே என்றால் வீடு. "நேத்து ராத்திரி தேவர் என் மனசுல சொன்னார், இந்தத் தெருவில ஒரு தாய் ரொம்ப அழறாள்னு. அதான் வந்தேன்." பிறகு கிங்ஸ்லியின் தோளில் கை போட்டார். "ஸார், குடி மனுஷனைக் கெடுத்திடும். பெண்டாட்டி முகத்தைப் பாருங்க. இனிமே தொடமாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

"தொடமாட்டேன் சார்" என்றார் கிங்ஸ்லி, தாழ்ந்த சுருதியில். வாழ்நாளில் அதைவிடச் சுலபமான சத்தியம் அவர் செய்ததில்லை.

"அம்மா, நீங்க உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க. கேமராவைப் பார்த்து."

ஷெர்லி கேமராவைப் பார்த்தாள். அந்த இன்னொரு ஷெர்லி அங்கே உள்ளே இருந்து தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் கல்லோடு, மூன்று பிள்ளைகளோடு, ஒரு வார்த்தை பேசத் தெரியாமல். யாராவது அவளுக்காகப் பேசினால் நன்றாக இருக்கும்.

"சார், திங்கக்கிழமை அக்ரஹாரத்துல நீங்க பேசினப்போ நான் எதிர்க்கடையில இருந்தேன்" என்றாள். "வீட்டுல ஜெபம் பண்றவங்க லிஸ்ட் இருக்குன்னு சொன்னீங்க. அந்த லிஸ்டும் இந்த லிஸ்டும் ஒண்ணுதானே? நான் மாதாவுக்கு எழுதினது உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

பசவராஜின் புன்னகை அப்படியே இருந்தது; அதற்குப் பின்னால் இருந்தது மட்டும் எழுந்து போய்விட்டது.

"அது வேற மீட்டிங், அம்மா" என்றார்.

"எங்க வீட்டை அதுல இருந்து எடுத்துடுங்க சார். நாங்க கேட்ட எல்லாத்தையும் அழிச்சிடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

"உமேஷ், நோட் மாடிக்கோ, குறிச்சுக்கோ" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். கேமராக்காரர், "ஸார், இதைக் கட் பண்ணிடவா?" என்று கேட்டார். நான்கு நிமிடத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். காபி ஆடை கட்டிக்கொண்டு டீப்பாயில் இருந்தது. செருப்பு மாட்டும்போது பசவராஜ் ஜெபமாலையைக் கழற்றி ஒரு ஆளிடம் கொடுத்தார். அந்த ஆள் அதைக் குங்குமப் பொட்டலமும் விபூதியும் இருந்த பையிலேயே போட்டுக்கொண்டான்.

*

லாய்டின் அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். பின்னால் விக்டோரியா, துடைத்த கண்களோடு.

"அந்தக் காபியை எனக்குச் சூடு பண்ணிக் குடு ஷெர்லி, வீணாப் போக வேண்டாம்" என்று உட்கார்ந்தார். பிறகு, சமையலைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார். "விக்டோரியா, நான் யோசிச்சேன். அப்பா இல்லாம என்ன நிச்சயதார்த்தம்? மைக்கேல் கொச்சியில இருந்து வரட்டும். வந்து நாலு நாள் நல்லா சாப்பிடட்டும். ரெண்டு வாரம் தள்ளி வெச்சுக்கலாம்."

விக்டோரியா ஒரு அடி முன்னே வந்தாள். "சம்பந்தியம்மா, அவர் வந்து உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"வந்து சொல்லட்டும். அவர் சொல்லட்டும், நான் கேக்கறேன். அவசரம் ஒண்ணும் இல்லை." ஒரு மூச்சு விட்டார். "எனக்குத்தான் அவசரம். ரெண்டு வாரத்துல லாய்டு தலையில மிச்சம் எவ்வளவு இருக்குமோ, அது மாதா விட்ட வழி."

"என்னது?" என்றாள் விக்டோரியா.

"முடிடி! உன் மருமகனுக்கு முடி கொட்டுது. ஒரு மாசமா தொப்பி போட்டுட்டு வர்றானே, ஸ்டைல்னா நினைச்சே?"

விக்டோரியா சிரித்தாள். பன்னிரண்டு நாளாகச் சிரிக்காத சிரிப்பு; நிறுத்தத் தெரியாமல் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். லாய்டின் அம்மாவும் சிரித்தார். ஷெர்லி காபியைச் சூடு பண்ண உள்ளே போனவள் அடுப்பைப் பற்றவைக்க மறந்து அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிங்ஸ்லி பின்னாலேயே வந்தார். "மூணு பிள்ளைங்களாமே நமக்கு" என்றார் மெதுவாக.

"ஆமா."

"மூணு பேர்ல ஒருத்தராவது ஒரு போன் பண்ணக் கூடாதா?"

ஷெர்லி அவர் கையில் ஒரு அடி போட்டாள். பிறகு கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே வெயில் வந்து பாத்திரங்களின்மேல் உட்கார்ந்தது. அவளுக்கு எந்தக் கவலையும் இல்லை. இருபத்தேழு பேரின் கவலைகளையும் ஒருமணி நேரம் சுமந்து இறக்கி வைத்த பிறகு, உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது.

கடைப் பையைத் திறந்து பார்த்தாள். கல்யாணப் பத்திரிகைகளை ஓரம் வெட்டும்போது விழும் காகிதத் துண்டுகளை அவள் எறிவதில்லை. ஒரு பக்கம் வெள்ளை, விரல் நீளம். ஒரு வேண்டுதலுக்குத் தாராளமாகப் போதும். கட்டு நிறைய இருந்தது. சீட்டுகள் நனையாமல் இருக்க ஒரு மூடி போட்ட டப்பா வாங்கிக் கொடுத்தால் சாமியார் ஒன்றும் சொல்லமாட்டார்.

வாசலில் பைக் சத்தம். உமேஷ் திரும்பி வந்திருந்தான். கழுத்தில் அட்டையைக் காணோம். ஷெர்லி காகிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான், கேட்டுக்கு வெளியே நின்றபடியே. "உங்க வீட்டைத் 'தகவல் தவறு'ன்னு போட்டுட்டேன். ரெண்டு கிட்னி, இல்லாத புள்ளைங்க, மையத்துல இருந்து தப்பிச்ச வீட்டுக்காரரு... ஒண்ணுக்கொண்ணு பொருந்தலைன்னு எழுதினேன். லிஸ்டுல இருந்து போயிரும். எல்லா எடத்துல இருந்தும் போகுமான்னா, அது எனக்குத் தெரியாதுங்க. பொய் சொல்ல மாட்டேன்."

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"கல்லு ரெண்டு பக்கமும்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே சந்தேகம். சார் வெளிய வந்ததும் உறுதியாயிருச்சு. குடிச்ச மொகம் எனக்குத் தெரியுமுங்கக்கா. அது அந்த மொகம் இல்லை."

அவன் பைக்கைத் திருப்பினான். ஏறி உட்கார்ந்தான். உதைத்து ஸ்டார்ட்கூடச் செய்தான். பிறகு அணைத்துவிட்டு இறங்கி வந்து, கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் கையில் இருந்த காகிதத் துண்டுகளைப் பார்த்தான்.

"எனக்குப் பேசத்தான் வருமுங்க, எழுத வராது. படிச்சதெல்லாம் கன்னடம்" என்றான். இந்தமுறை குரல் உண்மையாகவே தாழ்ந்திருந்தது. "எனக்கும் ஒண்ணு எழுதித் தர்றீங்களாக்கா? போன்ல வேண்டாம். அந்தக் காகிதத்துல."